121 மில்லிமீட்டர் ஹெரால்டு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் பானெட் திறக்கும் காட்சி மறக்காது. மற்ற கார்களில் மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட், கிரில் என்று முன்பக்கம் மொத்தமும் ஒன்றாக எழுந்து மூக்கின் பக்கம் சாயும். எஞ்சினும் முன் சக்கரங்களும் வெட்டவெளிக்கு வந்துவிடும். எங்கள் மெக்கானிக் ஸ்டூல் கேட்கவே மாட்டார். முன் டயரின் மேல் ஏறி உட்கார்ந்து, வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். எதிர் டயரில் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது ஏழு வயது.

அப்பா அந்தக் காரை 1966-இல் வாங்கினார். இரண்டு கதவு, இளநீலம், 948 சிசி எஞ்சின். இன்றும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. காரையும் கிட்டையும் வேறு வேறு பொழுதுபோக்கு என்று நான் நினைக்கவில்லை. பழைய காரைப் பிரித்துப் பார்க்காதவர் செய்யும் மாடலில் உயிர் இருக்காது. சின்ன அளவில் பொறுமையைப் பழகாதவர் பழைய காரில் கை வைத்தால் காருக்குத்தான் சேதம். இது என் கட்சி. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஹெரால்டைப் பற்றி. இது இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. அந்தக் காலத்தில் புதிதாக வந்த சிறு கார்கள் எல்லாம் பாடியும் சேஸியும் ஒன்றாக வார்த்ததுபோல் இருக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனி சேஸியோடு வந்தது. பழமையில் இருந்த பிடிவாதம் அதற்குக் காரணம் அல்ல. ஹெரால்டைத் தயாரித்த கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ பட்டறையைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அச்சடிக்க வழி இல்லாமல் போனது. அதனால் பாடியைப் பல துண்டுகளாகச் செய்து, சேஸியின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அறிமுக விழா மேடையிலேயே துண்டு துண்டாகக் கொண்டுவந்து சில நிமிடங்களில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள் என்பது பிரபலமான கதை.

அந்தக் கட்டாயம்தான் நமக்கு வசதியாயிற்று. துண்டுகளாகப் பெட்டியில் வந்து இறங்கும் காரை வேறு நாட்டில் பூட்டுவது சுலபம். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. பிறகு உள்நாட்டு உதிரிபாகங்கள் கூடிக்கொண்டே போயின. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு நம் வண்டலூர் சரக்கு. எழுபதுகளில் வந்த கெஸல், அதே வம்சத்தின் கடைசி வாரிசு. இந்தக் காரே ஒரு கிட்தான். ஒன்றுக்கு ஒன்று அளவில் பூட்டிய கிட். அதனால்தான் மாடல் செய்பவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார் என்கிறேன்.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1/32 அளவில் டிரையம்ப் ஹெரால்டு கிட் வெளியிட்டிருக்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்தான். "அண்ணா, உங்க காரு இதில இருக்கு பாருங்க" என்று சின்ன டப்பா ஒன்றை நீட்டினான். நிஜ ஹெரால்டு 12 அடி 9 அங்குல நீளம். 32-ஆல் வகுத்தால் 121 மில்லிமீட்டர். உள்ளங்கையில் கச்சிதமாக உட்காரும். அன்று ராத்திரியே டப்பாவைப் பிரித்து ஒட்ட ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

கிட் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்ததுபோல் தொங்கும். அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகப் போட்ட மெழுகுப் பூச்சு அவற்றில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவைத்த பிறகுதான் அடுத்த வேலை. சட்டத்திலிருந்து பாகத்தைக் கையால் முறுக்கி ஒடிக்கக் கூடாது. கட்டரால் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு, மிச்சத்தை வாட்டர் பேப்பரால் தேய்ப்பது. நேராக ஒட்டி வெட்டினால் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழும். பெயின்ட் அடித்தாலும் சில சமயம் அது தெரியும்.

இதைவிடப் பெரிய பாடம், ஒட்டுவதற்கு முன் பூட்டிப் பார்ப்பது. மாஸ்கிங் டேப்பால் பாகங்களைப் பிடித்து நிறுத்தி, பசை இல்லாமல் முழுக் காரையும் ஒரு தடவை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் படுகிறதா, பாடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, பம்பர் மட்டமா என்று கண் மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். என் முதல் ஹெரால்டில் பின் சக்கரம் ஒன்று தரையைத் தொடாமல் தொங்குகிறது. பசை காய்ந்த பிறகு என்ன செய்ய?

நிஜக் காரில் இதே வேலையை நான் அதற்கு எட்டு வருடம் முன்பே பார்த்திருந்தேன். ஆனால் புரிந்துகொள்ளவில்லை. பாடியைக் கழற்றி, சேஸியைச் சரி செய்து, திரும்பப் பூட்டும்போது ஹெரால்டின் கதவு இடைவெளி படுத்தும் பாடு அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கதவு மேலே இடிக்கும், கீழே விரல் போகும் அளவுக்குத் திறந்திருக்கும். அப்போது கீலைத் திருகக் கூடாது. பாடிக்கும் சேஸிக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் தகடுகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் அரைகுறையாக மாட்டி, கதவு, பானெட், டிக்கி எல்லாம் ஒத்துப்போன பிறகே முழுசாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கதை முடிந்தது. மெக்கானிக் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று "எவ்வளவு நேரம்தான் ஆகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். 121 மில்லிமீட்டர் காரில் ஒரு சக்கரம் தொங்கிய பிறகுதான் அவர் செய்தது உறைத்தது.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மனக்காயமே உண்டு. அப்பா காலமான பிறகு காரை முதன்முதலாகப் புதுப்பிக்க ஒரு பட்டறையில் விட்டேன். மூன்று மாதம் கழித்துக் கண்ணாடிபோல் பளபளவென்று கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கதவுக்குக் கீழே அம்மைக் கொப்புளம்போல் பெயின்ட் எழும்பியது. விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. சுரண்டிப் பார்த்தால் துரு ஓட்டையின் மேல் செய்தித்தாளைத் திணித்து, அதன் மேல் விரற்கடை கனத்துக்குப் பட்டி பூசியிருந்தார்கள். தகடு வெட்டி வெல்டு வைக்க வேண்டிய இடம் அது. அன்று அந்த ஓட்டைக்கு முன் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு நின்று, சாமாய்ஸ் துணியால் துடைத்த இடம் அது.

அதனால் பழைய கார் வாங்குகிறவர்கள், கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கித் தரை என்று வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி. பிறகு காரின் அடியில் படுத்துப் பாருங்கள். ஹெரால்டில் நடுச் சேஸியிலிருந்து இரு பக்கமும் கை நீட்டியதுபோல் பாடியைத் தாங்கும் சட்டங்கள் போகும். துரு முதலில் தின்பது அவற்றைத்தான். எஞ்சின் புகைந்தால் பயப்பட வேண்டாம். கோவையில் எந்த லேத் பட்டறையிலும் போர் போடலாம், புஷ் அடிக்கலாம், கிராங்கைக் கிரைண்டிங் செய்யலாம். எஞ்சினுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட முடியும். துருவுக்கு ஆகும் செலவை முன்கூட்டிச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது.

மாடலிலும் இதே கதைதான். பட்டி என்பது மயிரிழை இடைவெளியை நிரப்ப. பெரிய இடைவெளி இருந்தால் பிளாஸ்டிக் தகட்டைச் சீவி வைத்து ஒட்ட வேண்டும். பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடிக்கக் கூடாது. சாம்பல் நிறப் பிரைமர் இரக்கமே இல்லாமல் எல்லாக் கீறலையும் காட்டிக்கொடுக்கும். காட்டட்டும், அதற்குத்தான் அது. பெயின்டை ஒரே தடவையில் மூடிவிடப் பார்க்காதீர்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரிய வேண்டும், இரண்டாவதிலும் கொஞ்சம் தெரியலாம், மூன்றாவதில் மூடினால் போதும். ஸ்பிரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு அடித்தால் தூவல் மெல்லிசாக வரும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், டப்பா வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பெயின்ட் பூசணம் பூத்ததுபோல் வெளுத்துவிடும். நிஜக் கார் பெயின்டர்களும் இதற்குத்தான் மழை நாளில் கன்னைத் தொட யோசிப்பார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜக் காரின் பெயின்டையே கொண்டுபோய் மாடலில் அடித்தால் கறுத்துத் தெரியும். தூரத்தில் நிற்கும் காரை நம் கண் சற்று வெளிறியே பார்க்கிறது. 1/32 மாடலைக் கையில் வைத்துப் பார்ப்பது, நிஜக் காரைப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அதனால் சொட்டு வெள்ளை கலக்க வேண்டும். எங்கள் ஹெரால்டின் இளநீலத்தை மூன்று முறை கலந்து, மூன்று சிகரெட் அட்டை அளவுப் பிளாஸ்டிக் தகடுகளில் அடித்து, வாசலில் காரின் பக்கத்தில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டாவது தகடு சரியாக இருந்தது. அன்று என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் ஒரு நிமிடம் கழித்துத்தான் எது தகடு என்று கேட்டாள்.

இனி, உயிர் போகிற விஷயம் ஒன்று. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடியில் மரை இருக்கும். அந்த மரை, பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு கட்டைக்குள் திருகி நிற்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் திரும்புகிறது. அதன் பெயர் டிரனியன். மற்ற எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிப்பதுபோல் இதற்கும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவது நம் ஊர் சர்வீஸ் பழக்கம். அது தவறு. தயாரித்தவர்கள் சொன்னது 90 கியர் ஆயில். கிரீஸ் மேலேயே இறுகிவிடும், மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் இறங்கும், மரை அரிக்கும், ஒரு நாள் தண்டு ஒடியும். எங்கள் காரில் அது ஒடிந்தது. நல்ல வேளை, வீட்டுத் தெருவில் திரும்பும்போது. இடது சக்கரம் வெளியே சாய்ந்து, மூக்கு தரையில் இடித்து நின்றது. டயர் மேல் உட்காரும் அந்த மெக்கானிக் அப்போது கிழவராகிவிட்டார். ஆட்டோவில் வந்து இறங்கி, ஒடிந்த துண்டைக் கையில் வாங்கி, வேட்டி முனையால் துடைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுக்குக் கிரீஸ் அடிச்சது யாருங்க?"

"சர்வீஸ்லதாண்ணா. எல்லாத்துக்கும் அடிச்சாங்க."

"இதுக்கு ஆயிலுங்க. உங்கப்பாரு இருந்தவரைக்கும் நானே ஊத்தினேன்."

அதன் பிறகு 90 ஆயிலுக்கென்றே ஒரு தனி கன் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் மேல் சிவப்பு பெயின்ட் அடித்து, "டிரனியன் மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மாடலிலும் அந்த 1 மில்லிமீட்டர் துண்டுக்குப் பித்தளை நிறம் அடித்தேன். சக்கரத்தை மாட்டிய பிறகு யார் கண்ணுக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஹெரால்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஊஞ்சல்போல் ஆடும் அமைப்பு அதில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி இறங்கும்போது, வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்பக்கம் எழும்பி சக்கரம் உள்நோக்கி மடங்கும், கார் பின்னால் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை மிதமாக வைத்திருங்கள். கெஸலில் பின்பக்கம் வழக்கமான ஒற்றை ஆக்ஸில் போட்டு இந்தக் குறையைத் தீர்த்தார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஹெரால்டுக்கு நிகர் கிடையாது. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். அம்பாசிடர்காரர்கள் பின்னுக்கு எடுத்துத் திருப்பும் தெருவில் நாங்கள் ஒரே ஒடிப்பில் திரும்பியிருக்கிறோம்.

பழைய காரில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? இதில் நண்பர்களோடு எனக்குச் சண்டையே வரும். எஞ்சினைத் தூக்கிவிட்டு மாருதி எஞ்சின் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டுவதற்குச் சுகம் வேண்டுமென்றால் மாருதியையே வாங்கிக்கொள்ளலாமே. அந்த 948 சிசி எஞ்சின் இரண்டாவது கியரில் இழுக்கும்போது எழும் முனகல்தான் ஹெரால்டு. அலாய் வீல், எல்இடி விளக்கு, உள்ளே சோபா மாதிரி தையல் எல்லாம் வேண்டாம். ஆனால் உயிர்ப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு கொடுப்பேன். சீட் பெல்ட் போடுங்கள். பிரேக் ஹோஸையும் சிலிண்டர் ரப்பர்களையும் காலாவதியாகும் முன்பே மாற்றுங்கள். டயரில் பூ இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் தயாரான வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும், அதைப் பாருங்கள். நின்றே பழசாகிற டயர்தான் பழைய கார்களில் அதிகம் வெடிக்கிறது.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தபோது பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய ஆரம்பித்தன. ஈயம்தான் அங்கே மெத்தைபோல் இருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால், கடின உலோக வளையத்தை அடித்துச் சேர்த்துவிடுங்கள், அந்தக் கவலை தீரும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் ஏ.சி. பம்பின் சவ்வும் அதில் ஊறி உப்பிவிடுகின்றன. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் கார் நிற்கப்போகிறதென்றால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். வாரம் ஒரு முறை நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது பராமரிப்பு ஆகாது. சூடேறி, நான்கு கியரும் விழுந்து, பிரேக் வேலை செய்யும்படி பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள்.

காகித வேலையையும் பார்த்துவிடுங்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத கார்களையும் பைக்குகளையும் விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. எஞ்சினை மாற்றாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். மூல வடிவம் போனால் அந்தத் தகுதியும் போகும்.

மாடலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் ஃபெராரிக்கும் லம்போர்கினிக்கும் தாவுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபெராரியின் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அதன் சீட்டில் வெயில் ஏறினால் என்ன வாசம் வரும் என்று தெரியுமா? தெரியாத காரை அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் செய்ய முடியும். பழகிய காரை எடுங்கள். தமியா கம்பெனியின் 1/24 மினி கூப்பரோ பீட்டிலோ முதல் கிட்டுக்கு நல்லது. பாகங்கள் ஒன்றுக்கொன்று சொன்னபடி கேட்கும். 1/24 என்றால் நிஜக் காரின் ஒரு அடி, மாடலில் அரை அங்குலம். டேப்பும் கையுமாக நிஜக் காரை அளந்து சரிபார்க்க அது வசதியான கணக்கு. அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உறுத்தும், ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கண்ணாடிப் பாகங்களைப் பிளாஸ்டிக் பசையாலோ சூப்பர் குளூவாலோ ஒட்டாதீர்கள், ஆவி பட்டுப் புகை மூடியதுபோல் ஆகிவிடும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. குரோம் பாகங்கள் பொம்மைபோல் மினுங்கினால் பிளீச்சில் ஊறவைத்துக் குரோமை எடுத்துவிட்டு வெள்ளி பெயின்ட் அடியுங்கள். கதவு விளிம்புக் கோடுகளில் கறுப்பை ஓடவிடுகிறார்கள், இளநிறக் காரில் அது கோடு போட்ட கார்ட்டூன்போல் தெரியும். உடல் நிறத்தையே இரண்டு படி அடர்த்தியாக்கி ஓடவிடுங்கள். முடித்த மாடலை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் கூரை நெளிந்துவிடும். கிட்டுகளை வாங்கி அடுக்காதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது.

கோவைக்கு வந்தால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் ஜிடி கார் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மாடல் செய்கிறவர்களுக்கு அது பல்கலைக்கழகம். நான் போனால் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. முன்பக்கப் படங்கள் எங்கும் கிடைக்கும். குனிந்து, சக்கர வளைவின் உள்பக்கம் என்ன நிறம், சைலன்ஸர் குழாய் எங்கே வளைகிறது, கதவின் உள் கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் வரைந்துகொள்வேன்.

வரைய வேண்டிய அவசியம் வந்தது, இப்போது மேஜையில் இருக்கும் வேலையால். நான்கு கதவு ஹெரால்டை 1/32-இல் செய்கிறேன். அந்தக் காருக்குக் கிட் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. நம் மண்ணில் மட்டும் ஓடிய காருக்கு வெளிநாட்டுக்காரன் ஏன் அச்சு வெட்டப்போகிறான்? இன்னொரு ஏர்ஃபிக்ஸ் பாடியை எடுத்து, நீளக் கதவை வெட்டி, நடுத்தூணைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்து நிறுத்தியிருக்கிறேன். முன் கதவு வந்துவிட்டது. பின் கதவில் சிக்கி நிற்கிறது. சக்கர வளைவுக்காகப் பின் கதவின் கீழ் மூலை வெட்டுப்பட்டிருக்குமே, அந்த வளைவைப் பழைய புகைப்படங்களிலிருந்து எடுக்க முடியவில்லை. படம் எடுத்தவர்கள் எல்லோரும் காரின் முன்னால் குடும்பத்தை நிற்கவைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். கதவு எப்போதும் யாரோ ஒரு அத்தையின் புடவைக்குப் பின்னால் இருக்கிறது.

உங்கள் ஊரில், உங்கள் சொந்தத்தில், ஏதாவது தோட்டத்துச் சாளையிலோ பூட்டிய வீட்டின் தாழ்வாரத்திலோ நான்கு கதவு ஹெரால்டோ கெஸலோ நிற்கலாம். பழைய இரும்புக்காரர் வருவதற்குள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பின் கதவின் மேல் அகலம், கீழ் அகலம், வளைவு தொடங்கும் இடத்திலிருந்து அடிவரை உயரம் என்று அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தித்தாளைக் கதவின் மேல் விரித்து, விளிம்பைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எஞ்சின் எண் தகட்டையும் படம் பிடியுங்கள். அந்தத் தாளைச் சுருட்டிப் பத்திரமாக வையுங்கள்.